14 ஆண்டுப் பழைய கீசர் கசிகிறது: மாற்றுவதற்கு எவ்வளவு செலவிடுவது நியாயம்?

மல்லிகைப்பந்தல் (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுச் சீலிங்குக்கு மேலே இருக்கும் 150 லிட்டர் மின்சாரக் கீசரை வைத்து 14 ஆண்டுகள் ஆகின்றன. சென்ற வாரம் குளியலறை வாசலுக்கு மேலே சீலிங்கில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஈரக்கறை தெரிந்தது. என் கணவர் ஏறிப் பார்த்தபோது, தொட்டியின் அடிப்பக்கத்தில் துருநிறத்தில் நீர் கசிந்திருந்தது. கசியும் நீரைப் பிடிக்க அதற்கு அடியில் தட்டு எதுவும் வைக்கப்படவில்லை.

வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். மாமியாருக்கு 81 வயது, மகளுக்கு மூன்று வயது. புரட்டாசி நெருங்குகிறது. விரத நாட்களில் மாமியார் விடியற்காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டுத்தான் விளக்கேற்றுவார் என்பதால், வெந்நீர் இல்லாமல் வாரக்கணக்கில் காத்திருக்க எங்களால் முடியாது.

இரண்டு பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் 9,600 ரேண்ட் என்றார், இன்னொருவர் 14,300 ரேண்ட் என்றார். இருவரும் சொன்னது ஒரே கொள்ளளவு, ஒரே கம்பெனி. அப்படியிருக்க 4,700 ரேண்ட் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரியவில்லை. மூன்றாவதாக ஒருவர் 31,000 ரேண்டுக்குச் சூரியக் கீசர் வைத்துத் தருவதாகச் சொல்கிறார். வீட்டுக் காப்பீடும் எங்களிடம் உண்டு. எந்த வழியில் போவது சரி என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய குழாய்க்காரர் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்) எழுதியது:

வணக்கம், அம்மா. விலையைப் பேசுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. மெயின் போர்டில் கீசருக்கான சுவிட்சை இன்றே அணைத்துவிடுங்கள். கசியும் தொட்டியைச் சூடாக்கிக்கொண்டே இருப்பது நல்லதல்ல. ஈரம் மின்கம்பியைத் தொட்டால் ஆபத்து இன்னும் பெரிது.

அடுத்து, கசிவது எது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். பாதுகாப்பு வால்விலிருந்தோ, நீரைச் சூடாக்கும் எலிமென்ட் பொருத்திய இடத்து வாஷரிலிருந்தோ நீர் சொட்டினால், சில நூறு ரேண்ட் பொருளும் ஒரு மணி நேர வேலையும் போதும். தொட்டியின் உடலிலிருந்தே துருநீர் வந்தால் அதைப் பழுது பார்க்க இயலாது. இரும்புத் தொட்டிக்குள் மக்னீசியக் கம்பி ஒன்று தொங்கும், அதை ஆனோடு என்போம். தொட்டிக்குப் பதிலாகத் தான் கரைந்து அதைக் காப்பதே அந்தக் கம்பியின் வேலை. அது முழுவதும் கரைந்துபோன நாளிலிருந்து துரு தொட்டியைத் தின்னத் தொடங்கும். உங்கள் கீசரின் வயதையும் நீரின் நிறத்தையும் பார்த்தால், தொட்டியே போய்விட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இனி 4,700 ரேண்ட் வித்தியாசத்துக்கு வருகிறேன். முப்பது ஆண்டுகள் இந்த வேலையைச் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், குறைந்த விலைச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட என்ன எழுதப்படவில்லை என்பதையே பாருங்கள். கீசர் பொருத்துவதற்கு நம் நாட்டில் எஸ்.ஏ.என்.எஸ் 10254 என்ற தரவிதி இருக்கிறது. அதன்படி கீசருக்கு அடியில் தட்டு வேண்டும், அந்தத் தட்டிலிருந்து குறைந்தது 40 மில்லிமீட்டர் வடிகுழாய் வீட்டுக்கு வெளியே செல்ல வேண்டும். பாதுகாப்பு வால்விலிருந்து உலோகக் குழாய் தனியாக வெளியே போக வேண்டும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு புதியதாக இருக்க வேண்டும். குளிர்நீர்க் குழாயிலும் வெந்நீர்க் குழாயிலும் ஒவ்வொரு வேக்யூம் பிரேக்கர், தொட்டியின் மேல்மட்டத்திலிருந்து குறைந்தது 300 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். இந்தக் கடைசிப் பொருளைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். டர்பனில் தண்ணீர் அடிக்கடி நின்றுபோகிறது என்பது உங்களுக்கே தெரியும். அப்படி நிற்கும்போது கீழே போகும் நீர் தொட்டிக்குள் வெற்றிடத்தை உண்டாக்கினால், தொட்டி உள்நோக்கி நசுங்கிவிடும். அதைத் தடுப்பது இந்தச் சிறு கருவிதான்.

உங்கள் பழைய கீசரின் கீழே தட்டே இல்லை என்கிறீர்கள். அப்படியென்றால் முன்பு பொருத்தியவர் மற்றவற்றையும் விட்டிருக்கக்கூடும். 9,600 கேட்டவர் பழைய வால்வுகளையே திரும்ப மாட்டப் போகிறாரா, தட்டும் வடிகுழாயும் கணக்கில் உண்டா, வேலை முடிந்ததும் குழாய் வேலைக்கும் மின்வேலைக்கும் சான்றிதழ் தருவாரா என்று எழுத்தில் கேளுங்கள். கீசரைத் தாங்கும் மரச்சட்டங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். நீர் நிறைந்த 150 லிட்டர் கீசர் ஏறத்தாழ 200 கிலோ எடை. பல மாதம் ஈரம் பட்டு உளுத்த மரத்தின் மேல் அதை ஏற்றி வைப்பதை என் மனம் ஒப்பாது.

குத்துவிளக்கு (ஃபீனிக்ஸ்) எழுதியது:

அக்கா, காப்பீடு பற்றி எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். எங்கள் கீசர் வெடித்து இரண்டு அறைகளின் சீலிங் இடிந்து விழுந்தது. காப்பீட்டு நிறுவனம் அனுப்பியவர் வந்து படம் எடுத்தார். வேக்யூம் பிரேக்கர் ஒன்றுதான் இருக்கிறது, பொருத்தியதற்கான சான்றிதழும் இல்லை என்று காரணம் காட்டி, கீசருக்கான தொகையை மறுத்துவிட்டார்கள். சீலிங்குக்கு மட்டும் ஒரு பகுதி கிடைத்தது. சில நூறு ரேண்டை மிச்சப்படுத்தியதற்காக நாங்கள் கொடுத்த விலை மிகப் பெரியது. இன்றும் அதை நினைத்தால் மனம் வேகிறது.

ஆகவே யாருக்கும் முன்பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் பாலிசியை எடுத்து வாசியுங்கள். நாட்பட்ட தேய்மானமும் துருவும் விலக்கப்பட்டிருக்கிறதா, கீசருக்கென்று நீங்களே கட்ட வேண்டிய எக்ஸஸ் தொகை எவ்வளவு, அவர்களே அனுப்பும் பிளம்பரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டுமா என்ற மூன்றையும் பார்த்துவிடுங்கள். பழைய தொட்டியை அவர்கள் பார்ப்பதற்கு முன் அகற்றிவிடாதீர்கள். கறையையும் துருவையும் இப்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில்கணக்கு (லெனேசியா) எழுதியது:

சூரியக் கீசர் பற்றி எழுதுகிறேன். எட்டு ஆண்டுகளாக எங்கள் கூரையில் ஒன்று இருக்கிறது.

150 லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 7 யூனிட் மின்சாரம் வேண்டும். ஐந்து பேரும் ஷவரில் குளித்து, ஆளுக்கு 40 டிகிரி நீர் 50 லிட்டர் செலவழித்தால், அதில் பாதி குளிர்நீர் என்பதால் கீசரிலிருந்து போவது 125 லிட்டர். அதாவது நாளுக்கு 6 யூனிட்டை ஒட்டி வரும். சூரியன் அதில் 4 யூனிட்டைச் சுமந்தால் ஆண்டுக்கு 1,460 யூனிட் மிச்சம். யூனிட் 3 ரேண்ட் என்று வைத்தால் 4,380 ரேண்ட். 14,300 ரேண்ட் வேலையோடு ஒப்பிட்டால், நீங்கள் கூடுதலாகப் போடும் 16,700 ரேண்ட் ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் திரும்பிவிடும். வீட்டில் ஆள் குறைந்தால் இந்தக் கணக்கு தளர்ந்துவிடும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

எங்கள் பக்கம் குளிர்காலத்தில் உறைபனி விழுவதால், வெயிலை வாங்கும் தகட்டுக்குள் உறையாத திரவம் ஓடும் வகையைத்தான் வைக்க வேண்டும். அதை அறியாமல், தகட்டுக்குள் குளிக்கும் நீரே ஓடும் நேரடி வகையை வைத்த என் மைத்துனர் முதல் ஜூலையிலேயே தகட்டை இழந்தார். டர்பன் கடற்கரைப் பகுதியில் உறைபனிக் கவலை இல்லாததால், விலை குறைந்த நேரடி வகை உங்களுக்குப் போதும். உங்கள் ஊருக்கு மழை கோடையில்தான், குளிர்காலத்தில் வானம் தெளிந்திருக்கும். வெந்நீர் அதிகம் தேவைப்படும் மாதங்களில்தான் வெயில் நன்றாகக் கிடைக்கிறது. தகடு வடக்கு நோக்கி இருக்க வேண்டும், கிழக்கே பார்த்த கூரைச் சரிவில் வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஹீட் பம்ப்பையும் சிலர் பரிந்துரைப்பார்கள். காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் அதே வேலையைச் செய்யும், டர்பனின் வெதுவெதுப்பான காற்று அதற்கு ஏற்றது. ஆனால் கடலோர உப்புக்காற்று வெளியில் நிற்கும் இயந்திரத்தை அரித்துவிடும், விலையும் சூரியக் கீசருக்குக் குறையாது. டைமர் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால், தொட்டி சும்மா இருக்கும்போது இழக்கும் வெப்பத்தில்தான் அது சிறிது மிச்சம் பிடிக்கும், குளிக்கும் நீருக்கான மின்சாரத்தைக் குறைக்காது.

மல்லிகைப்பந்தல் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சுவிட்சை அணைத்துவிட்டோம், மாமியாருக்கு அடுப்பில்தான் வெந்நீர் வைக்கிறோம். குறைந்த விலைக்காரரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். தட்டும், வேக்யூம் பிரேக்கர்களும், சான்றிதழும் அவருடைய கணக்கில் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்தால் 13,000 ரேண்டைத் தாண்டும் என்கிறார். காப்பீட்டு ஆய்வாளர் வியாழக்கிழமை வருகிறார். எங்கள் கூரையின் வடக்குச் சரிவில் பக்கத்து வீட்டு மாமரம் நிழல் விழுத்துவதால், சூரியக் கீசரை இப்போதைக்குத் தள்ளி வைக்கிறோம். ஒன்று மட்டும் இன்னும் தெரிய வேண்டும். சிறு குழந்தை இருப்பதால் தெர்மோஸ்டாட்டை 50 டிகிரியில் வைக்கலாமா?

பழைய குழாய்க்காரர் எழுதியது:

வேண்டாம், அம்மா. மிதமான சூட்டில் தேங்கும் நீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரக்கூடும், முதியவர்களின் நுரையீரலை அது தாக்கும். தொட்டி 60 டிகிரியிலேயே இருக்கட்டும். ஆனால் 60 டிகிரி நீர் குழந்தையின் தோலைச் சில நொடிகளில் பொசுக்கிவிடும். ஆகவே குளியலறைக்குப் போகும் குழாயில், குளிர்நீரைக் கலந்து சூட்டை மட்டுப்படுத்தும் கலப்பு வால்வு ஒன்றை இந்த வேலையோடு சேர்த்தே பொருத்தச் சொல்லுங்கள். சீலிங்குக்கு மேலே ஆள் ஏறியிருக்கும்போதே செய்தால் கூலி தனியாக ஆகாது.