வெள்ளத்துக்குப் பிந்தைய மறுகட்டுமானத்தை வளர்ச்சி என்று சொல்லலாமா?

கேள்வி

பெருவெள்ளம் வடிந்த அடுத்த ஆண்டில் கட்டுமானத் துறை சுறுசுறுப்படைவதும், சிமெண்டும் கம்பியும் கூடுதலாக விற்பதும், உள்நாட்டு மொத்த உற்பத்தி ஏறுவதும் பல நாடுகளில் காணப்படுவதால், மறுகட்டுமானமே பொருளாதாரத்துக்கு ஊக்கம் தருகிறது என்று சிலர் எழுதுகிறார்கள். வீட்டையும் தொழிற்கருவிகளையும் இழந்து நிற்பவர்களை நினைக்கும்போது இந்த வாதம் மனத்தை உறுத்துகிறது. அந்த வளர்ச்சி மெய்யானதா, மெய்யென்றால் அது யாரைச் சென்று சேர்கிறது என்பதைத் துறை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

வளர்ச்சி மெய்தான்; அது எதை அளக்கிறது என்பதில்தான் குழப்பம் இருக்கிறது. உள்நாட்டு மொத்த உற்பத்தி ஓர் ஆண்டில் உருவாக்கப்பட்ட பொருள்களையும் சேவைகளையும் எண்ணுகிறதே தவிர, அடித்துச் செல்லப்பட்ட சொத்துகளைக் கழிப்பதில்லை. தையற்கடை வைத்திருக்கும் ஒருவர், இரண்டாவது இயந்திரம் வாங்கச் சேர்த்துவைத்த பணத்தைக் கொண்டு, சேற்றில் ஊறித் துருவேறிய முதல் இயந்திரத்துக்கு மாற்று வாங்குகிறார் என்று கொள்வோம். அந்த விற்பனை கணக்கில் ஏறிவிடும். அவர் வாங்காமல் போன இரண்டாவது இயந்திரமும், அதில் உட்கார்ந்து தைத்திருக்கக்கூடிய உதவியாளரின் கூலியும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

2011ஆம் ஆண்டு தாய்லாந்து வெள்ளத்தின் சேதத்தையும் இழப்பையும் சேர்த்து உலக வங்கி ஏறத்தாழ 1.43 லட்சம் கோடி பாட் என மதிப்பிட்டது. அதில் கட்டடங்களுக்கும் இயந்திரங்களுக்கும் நேர்ந்த நேரடிச் சேதத்தைவிட, தொழில் நின்றுபோனதால் உண்டான இழப்பே அதிகம். அயுத்தயா, பாத்தும் தானி பகுதிகளின் தொழிற்பேட்டைகள் நீரில் மூழ்கியதால் கணினி வன்தட்டுகளின் விலை உலகெங்கும் உயர்ந்தது. 2012இல் அந்நாட்டின் வளர்ச்சி விகிதம் பெரிதாகத் தெரிந்ததற்கு, ஒப்பிடப்பட்ட முந்தைய ஆண்டு தாழ்ந்து கிடந்ததும் ஒரு காரணம்.

மறுமொழி 2

நான் கட்டட ஒப்பந்த வேலை செய்கிறவன் என்பதால் களத்தில் கண்டதைச் சொல்கிறேன். எல்லா வீட்டுக்காரர்களும் ஒரே மாதத்தில் கொத்தனாரைத் தேடும்போது கூலி ஏறுகிறது. உழைப்பவருக்கு அது நியாயமான வருவாய், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் செங்கல், மணல், ஜல்லி விலைகளும் சேர்ந்து ஏறிவிடுவதால், பழைய விலையில் கணக்கிட்டு வழங்கப்பட்ட நிவாரணத் தொகையில் சுவர் மட்டும் எழும்பிக் கூரை நின்றுபோன வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. நீரில் ஊறிய செங்கல் சுவர் முழுமையாக உலர மாதக்கணக்கில் ஆகும். அடுத்த தவணைப் பணம் கைக்கு வரவேண்டுமே என்று ஈரத்தோடு பூசிவிட்டால், சில மாதங்களில் சுவரின் அடிப்பகுதியில் வெள்ளையாக உப்புப் பூத்து, விரலால் தட்டினாலே பூச்சு உதிரும். அப்படிப்பட்ட ஒரு சுவரைக் கொத்தி எடுத்துவிட்டு நானே மறுபடியும் பூசினேன். எனக்கு இரண்டு முறை கூலி கிடைத்தது. அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது ஒரே சுவர்தான். மேலே நண்பர் சொன்ன கணக்கில் இரண்டு வேலைகளும் உற்பத்தியாகவே சேரும்.

மறுமொழி 3

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தாய்லாந்தில் மூழ்கிய பெரிய ஆலைகள் பலவற்றுக்குக் காப்பீடு இருந்தது. இழப்பீட்டில் பெரும்பங்கை வெளிநாட்டுக் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்றதால் மறுகட்டுமானச் செலவில் கணிசமான பகுதி நாட்டுக்குள் புதிதாக வந்த பணம். பாகிஸ்தானின் நிலை வேறு. 2022 வெள்ளத்தில் 1,490 கோடி டாலர் சேதமும் 1,520 கோடி டாலர் பொருளாதார இழப்பும் மதிப்பிடப்பட்டன. மறுகட்டுமானத் தேவை 1,630 கோடி டாலருக்கு மேல் என்று கணிக்கப்பட்டது. 2023 ஜனவரியில் ஜெனீவாவில் 900 கோடி டாலருக்கு மேல் உறுதியளிக்கப்பட்டாலும் அதில் பெரும்பகுதி கடன். கடனில் கட்டிய பாலம் இன்றைய வளர்ச்சியில் சேரும், அதன் வட்டியோ பின்னாளில் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செலவிட வேண்டிய பணத்திலிருந்து போகும்.

இருந்தாலும் எல்லாம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். பழைய அளவிலேயே கட்டாமல் வீட்டின் அடித்தளத்தை உயர்த்துவதும், சிறுபாலங்களின் நீர்வழியை அகலப்படுத்துவதும் அடுத்த வெள்ளத்தின் சேதத்தைக் குறைக்கும். மறுகட்டுமானத்தால் நிலையாகக் கிடைக்கும் ஆதாயம் பெரும்பாலும் இத்தகைய மேம்பாட்டில்தான் இருக்கிறது.

கேள்வி கேட்டவர்

விரிவான விளக்கங்களுக்கு நன்றி. பணம் போதாத நிலையில் எதை முதலில் கட்டுவது?

மறுமொழி 1

என் கருத்தில், தலைக்கு மேல் தற்காலிகக் கூரையாவது அமைந்தவுடன், சாலை, மின்சாரம், சிறுதொழில் கருவிகள் ஆகியவற்றுக்கு முன்னுரிமை தர வேண்டும். இடிந்த சுவரின் சேதம் அதே அளவில் நிற்கிறது. தொழில் முடங்கிய இழப்போ நாளுக்கு நாள் கூடுகிறது. அந்தத் தையற்காரருக்கு இயந்திரம் முதல் வாரத்திலேயே கிடைத்தால், சுவர் உலர்வதற்குள் அவர் பூச்சுக் கூலியில் ஒரு பங்கையாவது தைத்தே சேர்த்துவிடுவார்.