எங்கள் குடும்பம் (கடலூர்–புதுச்சேரி): ஏபிஎஸ் விளக்கு

கௌரி: தம்பி, வண்டியில் மறுபடியும் ஏபிஎஸ் விளக்கு எரிகிறது. செம்மண்டலத்தில் நிறுத்தப்போகும்போது பிரேக் மிதி காலுக்கடியில் கடகடவென்று அதிர்ந்தது. போன வாரம்தான் முன் இடது சக்கரத்துக்குப் புது வேக சென்சார் போட்டார்கள். இப்போது ஏபிஎஸ் யூனிட்டையே மாற்றவேண்டும் என்கிறார்கள்.

சரவணன்: யூனிட்டில் கைவைக்க விடாதீர்கள், அக்கா! நிற்பதற்குச் சற்று முன்னால் மட்டும்தான் அதிர்கிறதா?

கௌரி: ஆமாம். வேகமாகப் போகும்போது ஒன்றும் இல்லை.

சரவணன்: பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பதுதான் ஏபிஎஸ் வேலை. சக்கரம் பூட்டிக்கொள்கிறது என்று யூனிட் ஏமாறுகிறது. எந்தச் சக்கரம் என்று ஸ்கேனர் சொல்லும். கோளாறு சென்சாரிலா, ஒயரிலா, சக்கரத்தோடு சுற்றும் பல் வளையத்திலா என்று சொல்லாது. மாலை ஆசிலாஸ்கோப்போடு வருகிறேன்; சென்சாரின் மின்சாரத்தைத் திரையில் அலையாகக் காட்டும் கருவி அது.

பெரியப்பா: மல்டிமீட்டர் போதாதா, சரவணா?

சரவணன்: ஒயர் அறுந்திருந்தால் அதுவே போதும், பெரியப்பா. ஒரே ஒரு பல்லின் கோளாறு என்றால் மீட்டர் சராசரிக்குள் அதை விழுங்கிவிடும்.

(மாலை)

சரவணன்: (படம்) சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, சென்சார் பிளக்கைக் கழற்றிக் கையால் சுற்றினேன். இது காந்தமும் கம்பிச்சுருளும் உள்ள வகை. சுற்றினாலே மின்சாரம் பிறக்கும். வேகம் கூடக்கூட அலையின் உயரமும் கூடுகிறது. சென்சாரும் ஒயரும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் படத்தின் நடுவே பாருங்கள், ஓர் அலை மட்டும் அகலமாக இழுபட்டிருக்கிறது. அடுத்த அகல அலை வரை எண்ணினேன்: 48. வளையத்திலும் 48 பல். சுற்றுக்கு ஒருமுறை, தவறாமல்! அதைத்தான் சக்கரம் பூட்டிக்கொள்வதாக யூனிட் நினைக்கிறது.

அனு: நான்தான் டார்ச் பிடித்தேன், பெரிய தாத்தா. சரவணன் மாமா துருவைத் துடைத்ததும் இரண்டு பல்லுக்கு நடுவே மயிரிழை போல விரிசல் தெரிந்தது.

சரவணன்: வளையத்துக்கு அடியில் துரு பருத்து அதை வெடிக்க வைத்திருக்கிறது. கடல் காற்று படும் ஊரில் இதை முதலில் சந்தேகப்பட வேண்டும்.

சித்தி: எங்கள் புது வண்டிக்கும் இப்படித்தான் பார்ப்பதா?

சரவணன்: இல்லை, சித்தி. புது வண்டிகளில் பெரும்பாலும் யூனிட்டிலிருந்து மின்சாரம் வாங்கி வேலை செய்யும் சென்சார். பிளக்கைக் கழற்றினால் ஒன்றும் வராது. பிளக் மாட்டியபடியே, சாவியைப் போட்டுத்தான் பார்க்கவேண்டும். மின்னோட்டம் ஏறக்குறைய 7, 14 மில்லிஆம்பியர் என்று மாறிமாறி வரும். திரையில் சதுர அலையாகத் தெரியும். அதில் ஓம் அளக்க மீட்டரை வைக்கவே கூடாது. பலவற்றில் பல் வளையமும் கிடையாது, பேரிங் சீலிலேயே காந்த வளையம் இருக்கும். பேரிங்கைத் திருப்பிப் போட்டுவிட்டால் சிக்னலே வராது.

பெரியப்பா: இவ்வளவு இருக்கிறதா! கௌரி, ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்துக்கு பஸ்ஸிலேயே போய்விடலாம், அம்மா.

கௌரி: சரி, பெரியப்பா. வளையம் தனியாகக் கிடைக்குமா, தம்பி?

சரவணன்: நாளை புதுச்சேரியில் விசாரிக்கிறேன். இல்லையென்றால் ஆக்சில் மூட்டோடு சேர்த்து வாங்கவேண்டும். அப்போதும் யூனிட் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. கழற்றிய பழைய சென்சாரையும் மாட்டிப் பார்த்தேன், அக்கா; அதே அலைதான் வந்தது. எறிந்துவிடாதீர்கள்.