25,000 ரூபாய்க்குள்ள எந்த ஸ்டூடியோ மானிட்டர் ஸ்பீக்கர்? கொஞ்சம் அவசரம்

நாலரைக்கட்டை
வீட்டுல ரெக்கார்டிங், மிக்ஸிங் பண்ண மானிட்டர் வாங்கணும். பட்ஜெட் 25,000. இப்ப இருக்கிற ஸ்பீக்கர்ல கேக்கும்போது மிக்ஸ் நல்லா இருக்கு. அதையே கார்ல போட்டா அடிச்சத்தம் குமுறுது, குரல் அமுங்கிப்போகுது. யமஹா எச்எஸ்5ஆ, ஜேபிஎல் 305ஆ? ஞாயித்துக்கிழமையோட ஆஃபர் முடியுது, சீக்கிரம் சொல்லுங்க.

வெள்ளைக்கூம்பு
எச்எஸ்5 எடுங்க ப்ரோ, யோசிக்கவே வேணாம். யமஹாவோட பழைய என்எஸ்10 ஸ்பீக்கர் பரம்பரை. அதுல நல்லா வந்த மிக்ஸ் எங்க போட்டாலும் நிக்கும்.

இடந்தலை
என்ன மாதிரி பாட்டு? தவில், பறை இருந்தா 5 இஞ்ச் வூஃபர் (அடிச்சத்தம் தர்ற கூம்பு) வேலைக்கு ஆகாது. 8 இஞ்ச் பாருங்க. கீழ் சத்தம் காதுல விழாம அதை எப்படி அளந்து வைக்கிறது?

மூத்தகாது
தம்பி, ரூம் அளவு இல்ல, இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஸ்பீக்கரையும் கம்ப்யூட்டரோட இணைக்கிற பெட்டி) என்னன்னு இல்ல, இப்ப கேக்குற ஸ்பீக்கர் என்னன்னு இல்ல. ஆஃபர் முடியுற தேதி மட்டும் தெளிவா இருக்கு. இதே கேள்விக்கு இங்க எத்தனையோ இழை கிடக்கு, தேடிப் படிச்சுட்டு வந்திருக்கலாம். 25,000 ரூபாயில மானிட்டர் வாங்குற எண்ணத்தை விட்டுடுங்க. நல்ல ஹெட்போன் ஒண்ணு வாங்கி அதுல பழகுங்க.

சுவரும்சத்தமும்
வாங்குறதுக்கு முன்னாடி இதெல்லாம் சொல்லுங்க நண்பரே. அறையோட நீளம், அகலம், உயரம். மேஜை எந்தச் சுவர்ப் பக்கம். உட்கார்ந்தா உங்க தலை முன்சுவர்ல இருந்து எத்தனை அடி தள்ளி இருக்கு (டேப் வச்சு அளந்து சொல்லுங்க, குத்துமதிப்பு வேண்டாம்). இப்ப இருக்கிற ஸ்பீக்கர் என்ன. கார்ல எல்லாப் பாட்டும் குமுறுதா, உங்க மிக்ஸ் மட்டுமா?

ஈயப்பத்து
இன்டர்ஃபேஸ் பின்னாடி இருக்கிறது கால் இஞ்ச் ஜாக்கா, சிவப்பு வெள்ளை ஆர்சிஏவா? அதையும் சேர்த்துச் சொல்லுங்க, கேபிள் செலவு அதைப் பொறுத்துதான். இன்னொண்ணு, ஆன்லைன்ல போட்டிருக்கிற விலை ஒண்ணுக்கா ஜோடிக்கான்னு பாருங்க. 305, எச்எஸ்5 மாதிரி மானிட்டர்களைத் தனித்தனியா விக்கிறாங்க. ப்ரீசோனஸ் எரிஸ் 3.5 ஜோடியாத்தான் வரும். பட விளம்பரத்துல ரெண்டு நிக்கும், பெட்டியில ஒண்ணு வரும்.

நாலரைக்கட்டை
ரூம் 10க்கு 10, உயரமும் 10 அடிதான். கான்கிரீட் தளம், டைல்ஸ் தரை, இடது பக்கம் ஸ்டீல் பீரோ. மேஜை சுவரை ஒட்டி இருக்கு, அதுக்கு முன்னாடி கீபோர்டு ஸ்டாண்ட், அதுக்குப் பின்னாடி நாற்காலி. தலை முன்சுவர்ல இருந்து 5 அடி. இப்ப இருக்கிறது 2.1 செட், சப்வூஃபர் (அடிச்சத்தத்துக்கான தனிப் பெட்டி) மேஜைக்கு அடியில இடது மூலையில. இன்டர்ஃபேஸ்ல ஆர்சிஏதான். நாட்டுப்புறப் பாட்டு, பறை தவிலோட கிக் டிரம்மும் பேஸும் சேர்த்துப் பண்றேன். மத்த பாட்டெல்லாம் கார்ல நல்லாத்தான் இருக்கு.

சுவரும்சத்தமும்
10 அடி அறையில சரியா 5 அடியில தலை. உங்க பிரச்சினை அங்கதான் இருக்கு.

10 அடின்னா 3.05 மீட்டர். ஒலியோட வேகத்தை நீளத்தின் இரண்டு மடங்கால வகுத்தா அந்த நீளத்துல அதிரும் முதல் அலைவரிசை வரும். 343ஐ 6.1ஆல வகுத்தா 56 ஹெர்ட்ஸ். சுவர் ஓரத்துல அது ரொம்ப பெருசா இருக்கும், நட்டநடுவுல ஏறக்குறைய இல்லாமலே போயிடும். நீளம், அகலம், உயரம் மூணும் ஒரே அளவா இருக்கிறதால மூணு திசையிலயும் அதே 56, அடுத்து 112, அதுக்கடுத்து 169ன்னு ஒரே இடத்துல குவியுது. வீட்டு அறைகள்ல மோசமான வடிவம் இதுதான்.

கிக்கோட அடிவயிறு பெரும்பாலும் 50க்கும் 65க்கும் நடுவுலதான் இருக்கும். உங்க நாற்காலியில அது காதுல விழாது. விழலையேன்னு ஈக்யூவுல (ஒவ்வொரு அலைவரிசையையும் தனியா கூட்டிக் குறைக்கிற வசதி) ஏத்துவீங்க. கார்ல அந்தப் பள்ளம் கிடையாது, ஏத்துனது மொத்தமும் வந்து அடிக்கும். இப்படியே உட்கார்ந்தா எச்எஸ்5 வாங்குனாலும் இதே கதிதான்.

செலவில்லாத சோதனை ஒண்ணு. மிக்ஸிங் மென்பொருள்ல 56 ஹெர்ட்ஸ் சைன் டோன் (அந்த ஒரே அலைவரிசை மட்டும் வர்ற சத்தம்) போடுங்க, சத்தம் குறைவா இருக்கட்டும். நாற்காலியில உட்கார்ந்து கேளுங்க. அப்படியே தலையை மெதுவா முன்னாடி ரெண்டு அடி கொண்டுபோங்க, பின்சுவர் வரைக்கும் போங்க. எங்க மறையுது, எங்க வீங்குதுன்னு காதே சொல்லும்.

இடந்தலை
அதுக்குத்தான் சொல்றேன், 8 இஞ்ச் போட்டா அந்தப் பள்ளத்தையும் தள்ளிக்கிட்டு வந்துடும்.

சுவரும்சத்தமும்
வராது. நேரா வர்ற அலையும் சுவர்ல பட்டுத் திரும்புற அலையும் அந்த இடத்துல ஒண்ணையொண்ணு அழிக்குது. நீங்க 10 டெசிபல் கூட்டுனா ஆம்ப் 10 மடங்கு பவர் கொடுக்கும், திரும்பி வர்ற அலையும் அதே அளவு கூடும், பள்ளம் அங்கேயே இருக்கும். ஈக்யூவுல ஏத்துறதுக்கும் இதே பதில்தான். இந்த அறையில 8 இஞ்ச் வச்சா சுவர் ஓரத்துல குமுறல் கூடுமே தவிர நடுவுல ஒண்ணும் மாறாது.

பஞ்சுத்தகடு
சுவர் முழுக்க ஒரு இஞ்ச் ஃபோம் ஒட்டிட்டா எல்லாம் சரியாயிடுமே? இல்லன்னா முட்டை அட்டை.

சுவரும்சத்தமும்
ஒரு இஞ்ச் ஃபோம் ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலதான் உருப்படியா உறிஞ்சும். முட்டை அட்டை அதுவும் செய்யாது. கைதட்டுனா வர்ற எதிரொலி குறைஞ்ச மாதிரி இருக்கும், அடிச்சத்தம் அப்படியே இருக்கும், மொத்தத்துல அறை இன்னும் மந்தமாத்தான் கேக்கும். செலவு பண்றதா இருந்தா ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு) வாங்குங்க. கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, 50 மில்லிமீட்டர் பலகை. ரெண்டை ஒண்ணா வச்சு மரச்சட்டத்துல துணி கட்டி, சுவர்ல இருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி நிறுத்துங்க. முதல்ல ரெண்டு பக்கச் சுவர்லயும், சுவர்ல கண்ணாடி பிடிச்சா ட்வீட்டர் (மேல் சத்தம் தர்ற சின்ன கூம்பு) தெரியுற இடத்துல. அடுத்து மூலைகள்ல. அதை வெட்டும்போது கையுறையும் முகமூடியும் கட்டாயம், நார் தோல்ல ஏறினா அரிக்கும். ஆனா 56க்கு அதுவும் பெருசா உதவாது. அந்த அலையில கால் பங்கே 1.5 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் பலகை அதை என்ன செய்யும்? அதுக்குத்தான் நாற்காலியை நகர்த்தச் சொல்றேன். வீட்டுல பழைய இலவம்பஞ்சு மெத்தை இருந்தா மூலையில குறுக்கா சாத்தி வச்சுப் பாருங்க, மேல்பேஸ்ல வித்தியாசம் தெரியும்.

மூத்தகாது
இதைத்தான் நான் ஒரே வரியில சொன்னேன். இந்த ரூமுல ஸ்பீக்கரே வேண்டாம், ஹெட்போன் போதும். சோனி எம்டிஆர்-7506 1991ல இருந்து வேலை செஞ்சுக்கிட்டிருக்கு.

வெள்ளைக்கூம்பு
ஹெட்போன்ல இடது காது இடது சத்தத்தை மட்டும்தான் கேக்கும். பேன் (சத்தத்தை இடம் வலமா) வைக்கிறதும் ரிவர்ப் (எதிரொலி) அளவும் தப்பாப் போகும். குரலை எவ்வளவு முன்னாடி வைக்கணும்ங்கிறதுக்கு எச்எஸ்5 மாதிரி நடுப்பகுதி முன்னாடி நிக்கிற ஸ்பீக்கர்தான் வேணும். என்எஸ்10ஐ உலகம் பூரா வச்சிருந்தது சும்மாவா?

ஈயப்பத்து
எச்எஸ்5க்கும் என்எஸ்10க்கும் ஒத்துமை வெள்ளைக் கூம்புதாங்க. என்எஸ்10எம் 1978ல வந்தது, வீட்டு ஹைஃபைக்குன்னு வித்தது. மூடிய பெட்டி, ஓட்டை கிடையாது, 18 சென்டிமீட்டர் வூஃபர், ஆம்ப் வெளியில. எச்எஸ்5ல 5 இஞ்ச், ஆம்ப் உள்ள, பின்பக்கம் காத்துக்குழாய். என்எஸ்10ல கிக்கும் பேஸும் தெளிவாப் பிரிஞ்சு கேட்டதுக்குக் காரணமே மூடிய பெட்டிதான். அடிச்ச சத்தம் உடனே நின்னுடும். குழாய் வச்ச பெட்டியில அது கொஞ்சம் இழுக்கும்.

வெள்ளைக்கூம்பு
கூம்பு நிறத்தை நான் சொல்லல. அதுல நடுப்பகுதி உறுத்தும், உறுத்துற இடத்தை நாம சரிபண்ணுவோம். எச்எஸ்5லயும் அந்த குணம் இருக்கு.

ஈயப்பத்து
மேல் சத்தம் உறுத்துதுன்னுதான் ட்வீட்டர் மேல டிஷ்யூ பேப்பர் ஒட்டி வேலை பார்த்தாங்க. 1987ல வந்த ஸ்டூடியோ மாடல்ல அதைத்தான் சரிபண்ணினாங்க. 2001ல தயாரிப்பே நின்னுபோச்சு. உறுத்துறதே நல்ல குணம்னு சொல்றதை என்னால ஏத்துக்க முடியல.

மூத்தகாது
என்எஸ்10 சண்டைக்குத் தனி இழை திறங்க. தம்பி கேட்டது வேற.

வலந்தலை
எனக்கு ஒரு சந்தேகம். நாற்காலியை முன்னாடி நகர்த்தலாம். ஆனா அகலத்துல நடுவுலதானே உட்காரணும்? அறை சதுரம்ங்கிறப்ப அங்கயும் 56 பள்ளம் வருமே?

சுவரும்சத்தமும்
நல்ல கேள்வி. அகலத்துல நடுவுலதான் இருக்கணும், இல்லன்னா ஸ்டீரியோ ஒரு பக்கம் சாயும். ஆனா கிக்கும் பேஸும் ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஒரே மாதிரி வரும். நடுக்கோட்டுல இருந்து ரெண்டும் ஒரே தூரத்துல இருந்தா, அகலத்துக்கான அந்த முதல் அதிர்வை ஒண்ணு இந்தப் பக்கம் தள்ளும், இன்னொண்ணு அந்தப் பக்கம் தள்ளும். மொத்தத்துல அது கிளம்பாமலே போயிடும். இப்ப நம்ம நண்பர்கிட்ட சப்வூஃபர் இடது மூலையில தனியா நிக்குதே, அது எல்லா அதிர்வையும் கிளப்பிவிடும். முதல்ல அதைக் கழற்றி வைக்கணும்.

நண்பருக்கு அளவு சொல்லிடறேன். கீபோர்டு ஸ்டாண்டைப் பக்கத்துச் சுவருக்கு மாத்துங்க. தலை முன்சுவர்ல இருந்து 3 அடி 10 அங்குலம், அதாவது நீளத்துல 38 சதவீதம். இது ஆரம்பப் புள்ளிதான், அங்க இருந்து நாலு அங்குலம் முன்னப்பின்ன சைன் போட்டுக் கேட்டு முடிவு பண்ணுங்க. ஸ்பீக்கரோட முன்முகம் சுவர்ல இருந்து ஒரு அடி. ரெண்டு ட்வீட்டருக்கும் நடுவுல 98 சென்டிமீட்டர், ஒவ்வொரு ட்வீட்டருக்கும் காதுக்கும் அதே 98. ட்வீட்டர் காது உயரத்துல வரணும். 75 சென்டிமீட்டர் மேஜையில வச்சா 305ஓட ட்வீட்டர் ஒரு சாண் கீழ நிக்கும். ரெண்டு செங்கலைப் படுக்க வச்சு அடுக்குனா 15 சென்டிமீட்டர், மேல ரப்பர் ஷீட். செங்கல்ல பழந்துணி சுத்திடுங்க, தூள் உதிரும்.

ஸ்பீக்கரைச் சுவர்ல இருந்து 60, 80 சென்டிமீட்டர் தள்ளி வைக்காதீங்க. சுவர்ல பட்டுத் திரும்புற அலை 143ல இருந்து 107 ஹெர்ட்ஸ் வரைக்கும் பள்ளம் பண்ணும். பறைக்கும் தவிலுக்கும் உடம்பு இருக்கிற இடம் அதுதான். ஒரு அடியில வச்சா அந்தப் பள்ளம் 280க்கு மேல போயிடும், அதை ராக்வூல் பார்த்துக்கும். சுவர் பக்கத்துல இருக்கிறதால அடிச்சத்தம் கொஞ்சம் கூடும். 305ல பின்னாடி பவுண்டரி ஈக்யூ ஸ்விட்ச் இருக்கு, மைனஸ் 1.5 வைங்க. எச்எஸ்5ல ரூம் கன்ட்ரோல், மைனஸ் 2.

எது வாங்கலாம்னா, உங்க பாட்டுக்கு ஜேபிஎல் 305பி மார்க் டூ. மைனஸ் 10 டெசிபல் கணக்குல (சத்தம் 10 டெசிபல் குறையுற இடம் வரைக்கும் பார்த்தா) எச்எஸ்5 54 ஹெர்ட்ஸ் வரைக்கும், 305 43 வரைக்கும் இறங்குது. கிக்கைச் சரிபார்க்க அந்த வித்தியாசம் தேவை. குரலும் கிட்டாரும் மட்டும்னா எச்எஸ்5ன்னு சொல்லியிருப்பேன். வெள்ளைக்கூம்பு சொல்ற நடுப்பகுதித் தெளிவு உண்மைதான்.

ஈயப்பத்து
கேபிள் விஷயம். 305லயும் எச்எஸ்5லயும் ஆர்சிஏ துளை கிடையாது, மூணு முள் எக்ஸ்எல்ஆரும் கால் இஞ்ச் டிஆர்எஸ்ஸும்தான். உங்க இன்டர்ஃபேஸுக்கு ஆர்சிஏ ஒரு முனை, கால் இஞ்ச் டிஎஸ் மறுமுனை உள்ள கேபிள் ரெண்டு வேணும். 3 மீட்டருக்கு மேல போகாதீங்க. 305 பின்னாடி பிளஸ் 4, மைனஸ் 10ன்னு ஒரு ஸ்விட்ச் இருக்கும், மைனஸ் 10ல வைங்க, இல்லன்னா சத்தம் பத்தாது. ஆடம் டி5வியில ஆர்சிஏ நேராவே போகும்.

இன்டர்ஃபேஸ், லேப்டாப், ரெண்டு மானிட்டர் எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல இருக்கட்டும். கொர்ருன்னு 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தா முதல்ல லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்க. நின்னுட்டா எர்த் லூப் (எர்த் ரெண்டு வழியா சுத்துறது). அதுக்காக பிளக்கோட எர்த் பின்னைக் கழட்டச் சொல்லுவாங்க, தயவுசெஞ்சு செய்யாதீங்க. உள்ள கோளாறு வந்தா கரண்டு பெட்டிக்கு ஏறும், உயிருக்கே ஆபத்து.

வலந்தலை
பழசு வாங்குறதா இருந்தா ரெண்டும் ஒரே மாடல், ஒரே தலைமுறையான்னு பாருங்க. குறைஞ்ச சத்தத்துல 40ல இருந்து 200 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஸ்வீப் (ஏறிக்கிட்டே போற சத்தம்) ஓட்டிக் காதைப் பக்கத்துல வைங்க, உரசல் கேட்டா வாய்ஸ் காயில் (கூம்பை அசைக்கிற கம்பிச்சுருள்) போச்சுன்னு அர்த்தம். வெளிநாட்டுல இருந்து வந்த பெட்டின்னா பின்னாடி 230 வோல்ட்னோ 100-240 வோல்ட்னோ போட்டிருக்கணும். அதே ஸ்வீப்பை வீட்டுல ஓட்டும்போது ஸ்டீல் பீரோ எங்க அதிருதுன்னும் தெரியும். கதவு இடுக்குல மடிச்ச துணி வைங்க, உள்ள துணிமணி நிறைச்சு வைங்க.

சுவரும்சத்தமும்
ரெண்டு பக்கமும் ஒரே சத்தமான்னு பார்க்க மைனஸ் 20 டெசிபல்ல பிங்க் நாய்ஸ் (எல்லா அலைவரிசையும் கலந்த இரைச்சல்) போட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கரா போன்ல அளந்து 75 டெசிபல் பக்கமா வைங்க. போன் காட்டுற எண் தப்பா இருக்கலாம், ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் சரியா இருக்கும். அடிப்பகுதிக்கு மட்டும் போன் மைக்கை நம்பாதீங்க. 56 பக்கத்துல கடைசி முடிவு எடுக்கும்போது மூத்தகாது சொன்ன மாதிரி ஹெட்போன்லயும் ஒருதடவை கேளுங்க.

நாலரைக்கட்டை
56 போட்டுப் பார்த்தேன். நாற்காலியில சுத்தமா இல்ல, முன்னாடி சாய்ஞ்சதும் வந்துச்சு. சப்வூஃபரைக் கழட்டிட்டேன். 305 ஜோடி வந்துடுச்சு, பட்ஜெட்டுக்கு மேல கொஞ்சம் போச்சு. எல்லாருக்கும் நன்றி. ஆனா இடது ஸ்பீக்கர்ல மட்டும் உஸ்ஸுன்னு சத்தம் வருது, பாட்டு ஓடாதப்பவும்.

ஈயப்பத்து
305ல ட்வீட்டர் பக்கத்துல காதை வச்சா லேசா உஸ் கேக்கும், அது இயல்பு. ஒண்ணுல மட்டும்னா பின்னாடி இருக்கிற கேபிளைக் கழட்டிட்டுக் கேளுங்க. போயிடுச்சுன்னா ரெண்டு கேபிளையும் இடம் மாத்திப் போடுங்க. சத்தம் வலதுக்குப் போனா கேபிளோ இன்டர்ஃபேஸோ. கேபிள் இல்லாமலும் இடதுல மட்டும் இருந்துச்சுன்னா ரெண்டுலயும் வால்யூம் குமிழும் ட்ரிம் ஸ்விட்சும் ஒரே நிலையில இருக்கான்னு பாருங்க. அப்பவும் இருந்தா பெட்டியைத் தூக்கிப் போடாதீங்க, ரிட்டர்ன் தேதிக்குள்ள மாத்திக்குங்க.

வலந்தலை
என்ன ஆச்சு நாலரைக்கட்டை? கேபிளைக் கழட்டிப் பார்த்தீங்களா?