மருந்துக்காக மூன்று வருடம் காத்திருந்தோம்

எனக்கு ஹெபடைட்டிஸ் சி, அதாவது ஈரலைத் தாக்கும் வைரஸ் தொற்று, இருப்பதே கர்ப்பமாக இருந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது. நூற்றில் ஐந்தாறு குழந்தைகளுக்குத்தான் தாயிடமிருந்து தொற்றும் என்றார்கள். அந்த ஐந்தாறில் நாங்கள் வரமாட்டோம் என்று நம்பினேன். வந்துவிட்டோம்.

ஒரு விஷயத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கைக்குழந்தைக்கு ஆன்டிபாடி (வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம்) பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்தால் உடனே உடைந்துபோகாதீர்கள். அது தாயின் ஆன்டிபாடியாக இருக்கலாம், 18 மாதம் வரைகூட குழந்தையின் ரத்தத்தில் கிடக்கும். வைரஸ் இருக்கிறதா என்று சொல்வது, வைரஸின் மரபுப்பொருளையே தேடும் ஆர்என்ஏ பரிசோதனைதான். என் மகளுக்கு 2 மாதம் முடிந்ததும் அதை எடுத்தார்கள். அதுவே பாசிட்டிவ்.

"மருந்து எப்போது டாக்டர்?" என்று கேட்டேன். "3 வயதில்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அப்புறம் உட்கார வைத்து விளக்கினார். நாலில் ஒரு குழந்தையாவது அந்த வயதுக்குள் தானாகவே வைரஸைத் துரத்திவிடுமாம். இந்த வயதில் ஈரல் கெடுவதும் பெரும்பாலும் மிக மெதுவாகத்தான். அதோடு, இப்போதுள்ள கூட்டு மருந்துகளுக்கு அனுமதி இருப்பதே 3 வயதிலிருந்துதான்.

சொல்வது எளிது. ஒவ்வொரு முறையும் ரத்தம் எடுத்துவிட்டு ஈரல் பாதிப்பைக் காட்டும் ஏஎல்டி எண்ணுக்காகக் காத்திருப்பேன். அவளோ கொழுகொழுவென்று ஓடிக்கொண்டிருப்பாள், பார்க்கிற யாரும் நோய் என்றால் நம்ப மாட்டார்கள்.

3 வயதிலும் வைரஸ் போகவில்லை. சோஃபோஸ்புவிரும் வெல்படஸ்விரும் சேர்ந்த மருந்து, தினம் ஒரு வேளை, 12 வாரம். எதற்கு இரண்டு என்று கேட்டேன். ஒன்று வைரஸ் தன்னை நகலெடுக்கும் நொதியைப் பிடித்து நிறுத்துகிறது, மற்றது அந்த வேலைக்குத் துணைபோகும் வேறொரு புரதத்தை. வைரஸ் உருமாறி ஒன்றிடமிருந்து தப்பினாலும் மற்றதிடம் மாட்டிக்கொள்ளும்.

மருந்து குருணை மாதிரி பொட்டலத்தில் வரும். ஐஸ்கிரீமில் கலந்து 15 நிமிடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், மெல்லக் கூடாது. இரண்டாம் நாளே மென்றுவிட்டாள். "அம்மா, கசக்குது!" என்று என் மேலேயே துப்பினாள். எப்படியோ 12 வாரத்தை ஓட்டினோம். முடிந்து இன்னொரு 12 வாரம் கழித்து எடுத்த பரிசோதனையில் வைரஸ் இல்லை.

பதில்:

நீங்கள் கொடுத்துவைத்தவர். என் மகனுக்கு 2010-இல் ஆரம்பித்தோம், அப்போது அவனுக்கு 6 வயது. அப்போதிருந்த பழைய மருந்துகள்தான்: வாரம் ஒரு பெக்-இன்டர்ஃபெரான் ஊசி, தினம் இரு வேளை ரிபாவிரின், மொத்தம் 48 வாரம். ஊசி போட்ட ராத்திரியெல்லாம் காய்ச்சல் கொதிக்கும். ஹீமோகுளோபின் இறங்கும், சாப்பாடு இறங்காது. அந்த ஒரு வருடம் பிள்ளை வளரவே இல்லை என்று சொல்லலாம். அவனுக்கு இருந்தது முதல் வகை வைரஸ். அந்த வகையில் ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளுக்குத்தான் குணமாகும். அவனுக்கு ஆகவில்லை. 13 வயதில் புது மாத்திரைகள் கிடைத்தன, 12 வாரத்தில் முடிந்தது. இன்டர்ஃபெரானைக் கைக்குழந்தைக்குக் கொடுத்தால் நரம்புகளைத் தாக்கும் ஆபத்து உண்டு என்பார்கள். உங்களைக் காத்திருக்கச் சொன்னது நல்லதுக்குத்தான்.

பதில்:

எனக்கு இருப்பது ஹெபடைட்டிஸ் பி. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. சி-க்குத் தடுப்பூசி கிடையாது, பி-க்கு உண்டு. ரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை 2 லட்சத்துக்கு மேல் இருந்ததால் கர்ப்பத்தின் 28-ஆம் வாரத்திலிருந்து எனக்கு வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை கொடுத்தார்கள். குழந்தை பிறந்து 12 மணி நேரத்துக்குள் ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின் (தயாராக உள்ள ஆன்டிபாடி) ஊசி. பிறந்த அன்றே இரண்டு ஊசியா என்று அழுதேன். மீதித் தவணைகளையும் விடாமல் போட்டோம். 9 மாதத்தில் பார்த்தபோது தொற்று இல்லை, எதிர்ப்பு சக்தியும் வந்திருந்தது.

முதலில் எழுதியவர்:

மெல்லாமல் எப்படி விழுங்க வைத்தீர்கள் என்று தனிச்செய்தியில் கேட்டவருக்கு: அவள் அப்பாவும் மருந்தில்லாத ஐஸ்கிரீம் ஒரு ஸ்பூன் எடுத்துக்கொண்டு எதிரே உட்காருவார். யார் முதலில் விழுங்குவது என்று போட்டி. 12 வாரமும் அவர்தான் தோற்றார்.