எங்கள் பகுதி முழுக்கக் கரும்பச்சை: வரைபடம் தவறா? (அவசரம்)

கொருக்குப்பேட்டை_அப்பா: மகள் நாளைக் காலை பள்ளியில் உயர வரைபடம் கொடுக்க வேண்டும். பார்த்து வரையும் படத்தில் வடசென்னை முழுக்கக் கரும்பச்சை. கொருக்குப்பேட்டையில் ஏது காடு? ரயில் பாதையும் குடோனும்தான். என்ன வண்ணம் அடிப்பது? சீக்கிரம் சொல்லுங்கள்.

தண்டையார்: எந்த வரைபடம் அண்ணே? அட்லஸா, மத்திய அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியா போடும் தாளா? அளவுவிகிதம் என்ன? படத்தைப் போடுங்கள்.

மணலி_ஜெராக்ஸ்: கலர் பிரதிதானே? சிவப்பு மை தீர்ந்திருக்கும். பழுப்பெல்லாம் பச்சையாகத்தான் விழும். கடையில் தினமும் பார்க்கிறேன்.

வரைபட_வாத்தியார்: பள்ளிக்கூடப் பாடத்தையே இங்கே வந்து கேட்கிறார்கள். உயர வண்ணத்தில் பச்சை என்றால் தாழ்நிலம், மரமல்ல. ஏற ஏற மஞ்சள், பழுப்பு, உச்சிக்கு வெள்ளை. சாக்கடல் கரை கடல்மட்டத்துக்குச் சுமார் 430 மீட்டர் கீழே, வறண்ட பாலை. பல அட்லஸ்களில் அதுவும் பச்சைதான். ஓரத்தில் இருக்கும் குறிவிளக்கத்தைப் படிக்க யாருக்கும் பொறுமையில்லை.

தண்டையார்: அது அட்லஸுக்குச் சரி சார். சர்வே தாளில் பச்சை மரம்தான், மஞ்சள் விளைநிலம். உயரத்தைப் பழுப்புக் கோடுகள் சொல்லும். அதற்காகத்தான் எந்தத் தாள் என்று கேட்டேன். 1:50,000 அளவுவிகிதத் தாளில் வழக்கமாகக் கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் உயர வித்தியாசம். நம் பக்கத்துத் தரை அவ்வளவு உயராது, கோடு தேடினால் கிடைக்காது. புள்ளியும் அருகில் எண்ணும் இருந்தால் அதுதான் உயரம்.

வியாசர்பாடி_வாசி: நம் பக்கம் உயரமே இல்லையா? எங்கள் மொட்டைமாடியில் ஏறி நின்று கொடுங்கையூர் குப்பைமேட்டைப் பாருங்கள்.

வரைபட_வாத்தியார்: குப்பை நிலமாகாது. நாளை அள்ளினால் போயிற்று.

வியாசர்பாடி_வாசி: அந்த ‘நாளை’யை எத்தனை வருடமாகக் கேட்கிறோம் ஐயா! மழை பெய்தால் தண்ணீர் எங்கள் தெருவுக்குத்தான் வருகிறது, மேட்டில் ஏறவில்லை.

தண்டையார்: மனிதர் போட்ட மேட்டுக்கும் குறி உண்டு. ஏரிக்கரை ஓரம் சிறு சிறு கீற்றுகள், பக்கத்தில் எண்ணோடு ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்து. சுற்றியுள்ள தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பொருள்.

வரைபட_வாத்தியார்: ஏரிக்கரையும் குப்பையும் ஒன்றா?

மணலி_ஜெராக்ஸ்: முதலில் மையைப் பாருங்கள்.

கொருக்குப்பேட்டை_அப்பா: அட்லஸ்தான், ஜெராக்ஸ் இல்லை. ஓரத்துக் குறிவிளக்கத்தை, அட்டையில் ஒட்ட இடமில்லை என்று மகள் கத்தரித்துவிட்டாளாம். குப்பைக்கூடையில் கிடைத்தது. பச்சையே அடித்தாயிற்று. நன்றி.