புதுப்பிப்பு: பிளாக் செய்தும் இருக்கும் இடம் தெரிந்த விவகாரம்

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் என் தோழி, தன்னைத் தொல்லை செய்த ஒருவனை பிளாக் செய்து, கூகுள் பாஸ்வேர்டையும் மாத்தின பிறகும், அவள் எங்கே போனாலும் அவனுக்குத் தெரிந்தது.

வேலை செய்தது, "கூகுள் மேப்ஸில் லொகேஷன் ஷேரிங் பாருங்க" என்ற பதில். வலது மேல் மூலையில் சுயவிவரப் படத்தைத் தட்டினால் அந்த வரி இருக்கும். அவன் கணக்கு, "நிறுத்தும் வரை" என்ற நிலையில் அங்கேயே இருந்தது. பகிர்வு அவனுடைய கணக்குக்குப் போவதால் பாஸ்வேர்ட் மாற்றம் அதைத் தொடாது. வாட்ஸ்அப் "இணைத்த சாதனங்கள்" பட்டியலிலும் தெரியாத ஒரு கணினி. லாக் அவுட் செய்தாச்சு.

ஆனால் ஒரு தப்பு நடந்தது: ஆதாரம் எடுக்கும் முன்பே பகிர்வை நிறுத்திவிட்டோம், அந்தத் திரை போனது போனதுதான். முதலில் தேதி, நேரம், எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட், சாட் எக்ஸ்போர்ட், அப்புறம்தான் மற்றது. எதிர்பாராதது இன்னொன்று: நிறுத்திய அன்றைக்கே புது எண்களிலிருந்து மெசேஜ் கொட்டியது.

அந்த மெசேஜ்களை வைத்தே போலீஸ் ரிப்போர்ட் கொடுத்தோம். மலேசிய தண்டனைச் சட்டத்தில் 2023இல் சேர்ந்த 507ஏ பிரிவில் பின்தொடரல் (ஸ்டாக்கிங்) குற்றம். குறைந்தது 2 முறை நடந்திருக்க வேண்டும், சிறை 3 ஆண்டு வரை. விசாரணை போகிறது. போன் ஒலித்தாலே அவளுக்கு இன்னும் கை நடுங்குது, அதுக்கு செட்டிங் கிடையாது. தாலியான் காசே (Talian Kasih) என்ற அரசு உதவி எண் 15999இல் பேச ஆரம்பித்திருக்கிறாள்.