மண்ணு மிதிக்க 4500 ரூவா, ஒர்க்‌ஷாப்புக்கு போகலாமா வேணாமா?

ஏழாவது செமஸ்டர்:
மதுரைல பி.ஆர்க் (ஆர்க்கிடெக்சர்) படிக்கிறேன். எங்க காலேஜ்ல வருசாவருசம் ஹேண்ட்ஸ்-ஆன் ஒர்க்‌ஷாப்னு 5 நாள் வைப்பாங்க, போன வருசம் திருமங்கலம் பக்கம் ஒரு தோட்டத்துல மண்ணுல குவிமாடம் கட்டுனோம், இந்த வருசமும் அதேதான், ஆளுக்கு 4500. அப்பா "மண்ணு மிதிக்க எதுக்குடா காசு, நம்ம வயக்காட்டுக்கு வா, சும்மாவே மிதிக்கலாம்"ங்கிறாரு. பதில் சொல்லத் தெரியல. போன வருசம் கட்டுனதும் ஐப்பசி மழைல உக்காந்துருச்சு. சீனியர்ஸ் யாராச்சும் சொல்லுங்க, இது வேலைக்கு ஆகுமா இல்ல வெறும் போட்டோவுக்குத்தானா.

மூலைமட்டம்:
போட்டோவுக்குத்தான் தம்பி. 16 வருசமா ஆபீஸ் வச்சுருக்கேன், இண்டர்வியூவுக்கு வர்ற எல்லாப் பய போர்ட்ஃபோலியோவுலயும் கையெல்லாம் சேறா ஒரு குரூப் போட்டோ இருக்கு. 30க்கு 40 மனைல எந்தப் பக்கம் எவ்வளவு எடம் விடணும்னு கேட்டா முழிக்கிறாய்ங்க, 2019ல வந்த கட்டட விதிகள தொறந்து கூட பாத்ததில்ல. அஞ்சு வருச படிப்பே பத்தல, அதுல ஒரு வாரத்த சேத்துல போடணுமா? சைட்டுல தப்பு பண்ணா இடிக்கணும், பேப்பர்ல தப்பு பண்ணா ரப்பர் போதும், அந்த வசதிக்குத்தான் நாம வரையவே கத்துக்கிறோம்.

வடக்குமாசி:
சார் சொல்றதுல விதிகள் சரி, மத்தது எனக்கு ஒத்து வரல. நான் முடிச்சு வெளிய வந்து மொத மொத வரைஞ்ச வீட்டுல ரெண்டு ஜன்னலுக்கு நடுவுல 7 இஞ்சு சுவரு விட்டுருந்தேன், டிராயிங்ல பாக்க அம்சமா இருந்துச்சு. கொத்தனார் பேப்பர திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "ஏம்மா, ஏழு இஞ்சுக்கு கல்லு எங்கிட்டு வாங்குறது?"ன்னு கேட்டாரு. முழுக்கல்லு 9, அரக்கல்லு நாலரை, ஒவ்வொரு வரிசைக்கும் கல்ல ஒடச்சு ஒடச்சு வைக்கணும், பாதி தூளாத்தான் போகும். அஞ்சு வருசத்துல எந்த ஜூரியிலயும், அதான் நம்ம டிசைன வச்சு கேள்வி கேப்பாங்களே, ஒருத்தரு இதக் கேட்டதில்ல. ஒரே ஒரு நாள் பத்து வரிசை கல்லு வச்சுருந்தா அந்தக் கோட்ட நான் போட்டுருக்கவே மாட்டேன். ரப்பர் போதும்ங்கிறீங்க, தப்புன்னு தெரிஞ்சாத்தான சார் ரப்பர எடுக்க?

மூலைமட்டம்:
அதுக்குத்தான் ஒரு செமஸ்டர் ஆபீஸ் டிரெயினிங் கட்டாயமா இருக்கே.

வடக்குமாசி:
அதுல நான் பண்ணது கதவு ஜன்னல் பட்டியலும் கம்ப்யூட்டர்ல வீட்டுப் படமும். சைட்டுக்கு போனது ரெண்டு தடவ, ரெண்டும் ஸ்லாப் பூஜைக்கு.

காளவாசல்:
எங்கப்பா கொத்தனார், அம்மா சித்தாள், நானும் லீவுக்கு லீவு சாரத்துல ஏறிட்டுத்தான் ஆர்க்கிடெக்சர் படிச்சேன், அதனால ரெண்டு பேரு மேலயும் எனக்கு வருத்தம் இருக்கு. எங்க காலேஜ்லயும் ஒர்க்‌ஷாப் வச்சாய்ங்க. வெளியூர்ல இருந்து வந்தவருக்கு பிளைட் டிக்கெட்டு ரூம் எல்லாம், நெசமாவே கட்டுன ரெண்டு கொத்தனாருக்கு நாள் சம்பளம், கட்டக்கடைசியா சர்டிபிகேட் குடுக்கும்போது அவிய்ங்க ஓரமா நின்னு கை தட்டுனாய்ங்க. எங்கப்பா தூக்குகுண்டு புடிச்சு ஒழுங்கா மூல ஏத்துறதுக்கே மூணு வருசம் ஆச்சுன்னு சொல்வாரு, அத 5 நாள்ல கத்துத்தாரோம்னு போஸ்டர் அடிக்கிறது பேரு என்ன? இன்னொண்ணு, பொண்ணுங்க கையில டேப்பும் நோட்டும்தான் குடுத்தாய்ங்க, கரணைய குடுக்கல. ஆனா மூலைமட்டம் அண்ணே சொல்ற மாதிரி வேணவே வேணாம்னும் சொல்ல மாட்டேன். என் கிளாஸ்ல ராட்-ட்ராப் கட்டு வரையாத ஆளே கெடையாது, கல்ல நட்டுக்க வச்சு நடுவுல பொந்து விடுறது, கேரளால கட்டுன ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் பரப்புனது, கிட்டத்தட்ட கால்வாசி கல்லு மிச்சம்னு எல்லாரும் ஒப்பிப்பாய்ங்க. எங்க ஊரு சூளைக்கல்லு ஒண்ணு 9 இருக்கும் ஒண்ணு எட்டே முக்கா இருக்கும், அத நட்டுக்க வச்சா ஒரு பக்கம் மொகம் சேந்தா மறுபக்கம் சேராதுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. கல்ல கையில எடுத்தவனுக்குத்தான் அது தெரியும்.

மூலைமட்டம்:
இது நியாயம். அந்த கொத்தனார் சம்பள விசயம் ரொம்ப நியாயம். ஆனா குவிமாடம் எதுக்குங்கிறேன்? மதுரைல எந்தப் பார்ட்டி மண்ணு குவிமாடம் கேட்டு ஆபீஸ் ஏறுறான்? வளைவு புரியணும்னா ஒரு சங்கிலிய ரெண்டு ஆணில தொங்கவிடு, அத தலைகீழா போட்டா அதான் வளைவு, 50 ரூவாயோட முடிஞ்சுச்சு. குவிமாடம்தான் பாக்கணும்னா திருமலை நாயக்கர் மஹாலுக்கு போ, 1636ல கட்டுனது, சொர்க்க விலாசத்து மேல செங்கல்லும் சுண்ணாம்பும்தான், ஒரு உத்தரம் கெடையாது.

ஏழாவது செமஸ்டர்:
சார் மஹாலுக்கு செகண்ட் இயர்லயே மெஷர்டு டிராயிங் போனோம். ரெண்டு நாள் அளந்தோம். அளவு பூரா இருக்கு, எப்டி நிக்குதுன்னு இப்ப வரைக்கும் தெரியாது.

வடக்குமாசி:
பாத்தீங்களா. சங்கிலி வடிவத்த காட்டும் சார், அடில வெளிய தள்ளுற தள்ளு இருக்குல்ல அத கண்ணுல காட்டாது. சாரத்த உருவும்போது ஓரச் சுவரு மயிரிழை நகரும் பாருங்க, அப்ப அடிவயிறு கலங்கும், அதுக்கப்புறம் ஆயுசுக்கும் மறக்காது. ஆனா தம்பி, எனக்கு வேற ஒரு விசயம் உறுத்துது. மழைல உக்காந்துருச்சுன்னு ஒத்த வரில சொல்லிட்டு போய்ட்ட. அதுக்கப்புறம் யாராவது போயி பாத்தீங்களா?

ஏழாவது செமஸ்டர்:
இல்லக்கா. அடுத்த சப்மிஷன் வந்துருச்சு. தோட்டக்காரர்தான் போட்டோ அனுப்புனாரு, குரூப்ல எல்லாரும் அழுவுற ஸ்மைலி போட்டோம்.

வடக்குமாசி:
அடப்பாவிகளா. 5 நாள் கட்டுனத விட்டுத்தள்ளு, ஏன் உக்காந்துச்சுன்னு பாக்குறதுதான்டா பாடமே. சிமெண்டு எதும் சேத்தீங்களா? ஆரோவில்ல அமுக்குன மண்ணுக்கல்லுக்கு பொதுவா 5% சிமெண்டு போடுறாங்க, அதுவும் அங்க செம்மண்ணு. நீங்க எந்த மண்ண எடுத்தீங்க? அந்த எடத்துல ஒரு கைப்பிடி எடுத்து கண்ணாடி பாட்டில்ல மூணுல ஒரு பங்கு போட்டு தண்ணி ஊத்தி நல்லா குலுக்கி வை. மணல் ஒரு நிமிசத்துல அடில தங்கிரும், அதுக்கு மேல வண்டல், களிமண்ணு தெளிய ஒரு நாளுக்கு மேல கூட ஆகும். வந்து சொல்லு.

காளவாசல்:
ஃபீஸ் இல்லாத ஒர்க்‌ஷாப் 😂

ஏழாவது செமஸ்டர் (4 நாள் கழிச்சு):
போய்ட்டு வந்தேன், டிவிஎஸ்ல திருமங்கலம் வரைக்கும். குவிமாடம் இருந்த எடத்துல கருப்பா ஒரு மேடு, அதுல துலுக்க சாமந்தி மொளச்சுருக்கு. வெயிலுக்கு வெரல் விடுற அளவுக்கு வெடிப்பு. பாட்டில்ல போட்டேன், அடில மணல் ஒரு கோடு மாதிரிதான் இருக்கு, பாதிக்கு மேல களிமண்ணு, இன்னும் முழுசா தெளியவே இல்ல. சிமெண்டு சேக்கல, வைக்கோல் மட்டும் போட்டோம்.

மூலைமட்டம்:
கரிசல்டா அது!! திருமங்கலம் பக்கம் பூரா அதானே. நனைஞ்சா உப்பும் காஞ்சா சுருங்கும், அதுல அஸ்திவாரம் போடவே நாங்க யோசிப்போம், நீங்க அதுலயே கூரை போட்டுருக்கீங்க. அப்ப மழைக்கு முன்னாடியே விரிசல் விட்டுருக்கணும், தண்ணி அந்த வழியா எறங்கிருக்கும். கட்டி முடிச்ச அன்னைக்கு எடுத்த போட்டோ இருக்கா? குரூப் போட்டோ இல்ல, சுவர் மட்டும்.

ஏழாவது செமஸ்டர்:
குரூப் போட்டோதான் சார் இருக்கு. நாங்க நிக்கிறதுக்கு பின்னாடி கொஞ்சம் தெரியுது.

மூலைமட்டம்:
அத அனுப்பு, ஜூம் பண்ணி பாப்போம். மண்ணு அந்த தோட்டத்துலயே வெட்டுனதா, டிப்பர்ல அடிச்சதா?

ஏழாவது செமஸ்டர்:
பாதி அங்கயே வெட்டுனது, பாதி கம்மாய் மண்ணுன்னு ஞாபகம். தோட்டக்காரர்ட்ட கேட்டுட்டு சாயங்காலம் சொல்றேன்.